மூணு வருஷ ஃப்ரீ மெயின்டெனன்ஸ் முடிஞ்சுது: லக்சுரி கார் கூட இது வரணுமா? என் ரிவ்யூ

இந்த ரிவ்யூ காருக்கு இல்ல, அமெரிக்கால லக்சுரி கார் வாங்கினா கூடவே சேர்த்துக் குடுக்கறாங்களே ஃப்ரீ ஷெட்யூல்டு மெயின்டெனன்ஸ், அதாவது ஆயில், ஃபில்டர் மாதிரி நேரா நேரத்துக்குப் பண்ற சர்வீஸ், அதுக்கு. கார் எவ்ளோ ஸ்பீடு, ஸ்க்ரீன் எவ்ளோ பெருசுன்னு சொல்ல ஆயிரம் பேர் இருக்காங்க, ஆனா இந்த பிளானை முதல்லேர்ந்து கடைசி வரை யூஸ் பண்ணிட்டு நல்லது கெட்டது சொன்னவங்க தமிழ்ல ரொம்பக் கம்மி. எங்களுக்கு இப்பதான் முடிஞ்சுது. நியூ ஜெர்சில இருக்கோம், வண்டி ஒரு ஜெர்மன் காம்பாக்ட் எஸ்யூவி, 3 வருஷம் இல்ல 36,000 மைல், எது முன்னாடி வருதோ அதுவரைக்கும் கம்பெனி செலவு. டீலர் பேரும் வண்டி பேரும் வேண்டாம், ஏன்னா நான் பேசப் போறது பிளானைப் பத்திதான்.

முடிவை முதல்லயே சொல்லிடறேன். லக்சுரி கார் விக்கற ஒவ்வொரு கம்பெனியும் இதைக் கண்டிப்பா குடுக்கணும். ஆனா இப்ப குடுக்கற விதம் பத்தாது, லீஸ்ல எடுத்த வண்டியை மூணு வருஷத்துல திருப்பிக் குடுக்கறவங்களை மனசுல வச்சு போட்ட கணக்கு இது, பத்து வருஷம் வச்சு ஓட்டறவங்களுக்குப் போட்ட கணக்கு இல்ல.

யார் யார் என்ன குடுக்கறாங்கன்னு பாத்தா ஒரு ஒழுங்கே கிடையாது. பிஎம்டபிள்யூ முன்னாடி பல வருஷம் 4 வருஷம் 50,000 மைல்னு குடுத்துட்டு இருந்தாங்க, அதுல பிரேக் பேடு, ரோட்டர் (பேடு புடிக்கற டிஸ்க்), வைப்பர் எல்லாமே அடக்கம், 2017 மாடல்லேர்ந்து அதை 3 வருஷம் 36,000 மைலாக் குறைச்சுட்டாங்க, பிரேக்கையும் வெளிய எடுத்து, வேணும்னா காசு கட்டி மேல் பிளான் வாங்கிக்கோங்கன்னு வச்சுட்டாங்க. ஜெனிசிஸ் 3 வருஷம் 36,000 மைல். ஜாகுவார் 2016 மாடல்லேர்ந்து 5 வருஷம் 60,000 மைல்னு அறிவிச்சப்போ எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. லெக்ஸஸ் முதல் ரெண்டு சர்வீஸ் மட்டும், அதாவது 5,000 மைல்ல ஒண்ணு, 10,000 மைல்ல ஒண்ணு, அதோட சரி. மெர்சிடிஸ் காசு கட்டி முன்கூட்டியே வாங்கிக்கற பிளான்தான் விக்கறாங்க, சர்வீஸ் ஏ, சர்வீஸ் பி-ன்னு வருஷத்துக்கு ஒண்ணு மாத்தி மாத்தி வரும், நீங்கதான் கட்டணும்.

இப்ப இந்தப் பக்கம் பாருங்க. டொயோட்டா கொரொல்லா வாங்கினா 2 வருஷம் 25,000 மைல் ஃப்ரீ. ஹூண்டாய் 2020 பிப்ரவரிலேர்ந்து 3 வருஷம் 36,000 மைல் ஆயில், ஃபில்டர், டயர் ரொட்டேஷன் எல்லாம் ஃப்ரீயா பண்ண ஆரம்பிச்சாங்க. இருபத்தஞ்சாயிரம் டாலர் வண்டிக்கு ஒரு கம்பெனி தாராளமா செய்யறதை, அதைப்போல நாலு மடங்கு விலைக்கு விக்கற கம்பெனி ஏன் செய்யக்கூடாது? எனக்கு இதுக்கு நியாயமான பதில் இதுவரை யாரும் சொல்லல.

"ஃப்ரீன்னு ஒண்ணு இல்லப்பா, விலைலதான் சேத்து வச்சிருக்கான்"னு எல்லாரும் சொல்றாங்க. சரி, ஒத்துக்கறேன், சேத்துதான் வச்சிருப்பாங்க. ஆனா சேக்காத கம்பெனி விலையைக் குறைச்சா விக்கறாங்க? பிஎம்டபிள்யூ 330ஐ, மெர்சிடிஸ் சி300 ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க, சில வருஷமாவே சி300 ஆரம்ப விலை கொஞ்சம் கூடத்தான் இருக்கு, மெயின்டெனன்ஸும் அதுல இல்ல. ஃப்ரீ சர்வீஸை எடுத்துட்டா அந்தக் காசு நம்ம பாக்கெட்டுக்குத் திரும்பி வரும்னு நெனைக்கறது நடக்காத காரியம். எங்க ஏரியா டீலர்ங்க கவுன்டர்ல கேட்டுப் பாத்தேன், ஆயில் சர்வீஸ் கிட்டத்தட்ட 200 டாலர், பிரேக் ஃப்ளூயிட் மாத்தறது அதே அளவு, கேபின் ஃபில்டர் நூத்தி சில்லறை, எல்லாம் கூட்டினா மூணு வருஷத்துக்கு ஆயிரம் டாலருக்கு மேல போகும். அம்பதாயிரம் டாலர் வண்டில அது ரெண்டு பர்சென்ட் ரெண்டரை பர்சென்ட். கம்பெனிக்கு ஆகற செலவு இதைவிடக் கம்மியாதான் இருக்கும்.

நம்ம ஊர்லேர்ந்து வர்றவங்களுக்கு ஒரு விஷயம் தனியா சொல்லணும். அங்க ஃப்ரீ சர்வீஸ்னா லேபர் மட்டும்தான் ஃப்ரீ, ஆயில், ஃபில்டர், காட்டன் வேஸ்ட் வரைக்கும் பில்லுல வரும், அதனால இங்கயும் அப்படித்தான்னு நெனச்சுட்டு நெறைய பேர் முதல் சர்வீஸ் அன்னிக்கு கார்டைக் கைல வச்சுட்டு நிக்கறாங்க. இங்க அப்படி இல்ல. ஷெட்யூல்ல இருக்கற வேலைன்னா ஆயில், ஃபில்டர், லேபர், டாக்ஸ் எல்லாம் சேத்து ஜீரோ. இன்வாய்ஸ்ல வேலை வேலையா லைன் போட்டு கடைசில 0.00 ன்னு வரும், அதைப் பாக்க நெஜமாவே சந்தோஷமாதான் இருக்கும்.

சர்வீஸ் அனுபவம் எப்படி? முதல்ல நல்லதைச் சொல்றேன். ஆப்ல புக் பண்ணா போதும், நம்ம வண்டி வர்ற வரைக்கும் ஓட்ட லோனர் கார் குடுக்கறாங்க, வெயிட் பண்ற எடத்துல காபி, வைஃபை, குழந்தைங்களுக்கு தனி மூலை, வண்டி கழுவித் துடைச்சு வரும். ஆயில் மாத்தினாங்களான்னு டிப்ஸ்டிக் இழுத்துப் பாக்க முடியாது, இப்ப பாதி ஜெர்மன் வண்டில டிப்ஸ்டிக்கே கிடையாது, ஸ்க்ரீன்லதான் லெவல் காட்டும். அதனால நான் ஒவ்வொரு தடவையும் இன்வாய்ஸ்ல ஆயில் கிரேடு, எத்தனை குவார்ட், ஃபில்டர் பார்ட் நம்பர் மூணும் இருக்கான்னு பாத்து வாங்கிப்பேன், போனுக்குப் பதிலா பேப்பரா கேட்டாலும் குடுக்கறாங்க. இதை எல்லாரும் செய்யுங்க, ஏன்னு பின்னாடி சொல்றேன்.

இப்ப கெட்டது. ஃப்ரீ சர்வீஸுக்கு கம்பெனி டீலருக்குத் தர்ற காசு, நாம கவுன்டர்ல கட்டற ரேட்டைவிடப் பெரும்பாலும் கம்மியாத்தான் இருக்கும். அப்ப டீலருக்கு உங்க ஃப்ரீ ஆயில் சேஞ்ச்ல பெரிய லாபம் கிடையாது, லாபம் எங்கன்னா வண்டியை செக் பண்ணி எழுதற மல்டி பாயிண்ட் இன்ஸ்பெக்ஷன் ஷீட்ல. பச்சை, மஞ்சள், சிவப்புன்னு மூணு கட்டம் போட்ட பேப்பர், இல்ல போனுக்கு வர்ற வீடியோ. ஒரு தடவை எனக்கு வந்த ஷீட்ல பின்பக்க பிரேக் பேடு 5 மில்லிமீட்டர், மஞ்சள், "இப்பவே பண்ணிடறது நல்லது"ன்னு அட்வைசர் போன் பண்ணார், கூடவே ஃப்யூயல் சிஸ்டம் க்ளீனிங் ஒண்ணு சேத்துச் சொன்னார். ஓனர்ஸ் மேனுவல்ல ஃப்யூயல் சிஸ்டம் க்ளீனிங்னு ஒரு வேலையே இல்ல. பேடு புதுசுல 10, 11 மில்லிமீட்டர் இருக்கும், 3 பக்கம் வரும்போதுதான் மாத்தணும், அதுக்கு வண்டிலயே சென்சார் இருக்கு. "இன்னும் எவ்ளோ மைல் தாங்கும்னு எழுத்துல குடுங்க சார்"னு கேட்டேன், அதுக்கப்புறம் அந்தப் பேச்சே வரல. அந்தப் பேடு அப்புறம் ரொம்ப நாள் ஓடுச்சு. ஃப்ரீன்னு உள்ள கூப்ட்டு, வெளிய போகும்போது எண்ணூறு டாலர் பில்லோட அனுப்பறது தப்பு, அதுவும் வயசானவங்க, புதுசா ஊருக்கு வந்தவங்க மேல இதைப் பிரயோகம் பண்ணும்போது எனக்கு உண்மையாவே கோவம் வருது.

பிரேக் வெளிய போனதுதான் இதுல பெரிய இழப்புன்னு நான் சொல்வேன். இந்த வண்டிங்கள்ல பேடு மாத்தும்போது ரோட்டரும் சேத்து மாத்தச் சொல்றது வழக்கம், ஒரு ஆக்ஸிலுக்கே, அதாவது முன்னாடி ரெண்டு சக்கரமோ பின்னாடி ரெண்டோ, 700, 800 டாலர் சொல்றாங்க. நாலு சக்கரத்துக்கும் போட்டுப் பாருங்க, மூணு வருஷ ஃப்ரீ ஆயில் சேஞ்ச்ல மிச்சம் பண்ண காசு ஒரே நாள்ல காலி. டயரும் எந்தப் பிளான்லயும் வராது, நியூ ஜெர்சி ரோட்டுல பனிக்காலம் முடிஞ்சு மார்ச்ல வர்ற பள்ளங்களுக்கு ரன்ஃப்ளாட் டயர் (காத்து போனாலும் கொஞ்ச தூரம் ஓடற டயர்) தாங்கவே தாங்காது, சைடுவால்ல முட்டை மாதிரி வீங்கிடும், அதுக்குத் தனியா டயர் கவரேஜ் வாங்கறது வேற கதை.

ஆனா நான் இதை எழுதறதுக்கு முக்கியமான காரணம் பணம் இல்ல, இன்டர்வெல். எத்தனை மைலுக்கு ஒரு தடவை ஆயில் மாத்தணும்ங்கறதை முடிவு பண்றது யாரு? கம்பெனி. அந்த ஆயிலுக்குக் காசு கட்டறது யாரு? முதல் மூணு வருஷம் அதே கம்பெனி. அப்போ எவ்ளோ தள்ளிப் போட முடியுமோ அவ்ளோ தள்ளிப் போடத்தான் மனசு வரும். பிஎம்டபிள்யூ ஒரு காலத்துல 15,000 மைல் வரைக்கும் ஆயில் மாத்தத் தேவையில்லன்னு சொல்லிட்டு இருந்தாங்க, அப்புறம் 10,000 மைல் இல்லன்னா 12 மாசம்னு மாத்திக்கிட்டாங்க. டர்போ எஞ்சின், டைரக்ட் இன்ஜெக்ஷன், குளிர்ல ரெண்டு மைல் தூரத்துல இருக்கற ஸ்கூலுக்குப் போயிட்டு வர்ற ஓட்டம், ஆயில் முழுசா சூடாகறதுக்குள்ள வண்டி ஆஃப் ஆயிடும், பெட்ரோலும் ஈரமும் ஆயில்ல கலந்து நிக்கும். இதுக்கு 10,000 மைலே எனக்கு ஜாஸ்தியாத்தான் படுது. நான் நடுவுல ஒரு தடவை, சுமார் 5,000 மைலுக்கு, என் சொந்தக் காசுல வெளிய ஒரு இன்டிபென்டென்ட் ஷாப்ல ஆயில் மாத்திக்கறேன், கம்பெனி ஸ்பெக் போட்ட ஆயில்தான், நூத்தி இருபது டாலர்ல முடிஞ்சுடும். வண்டியை ரொம்ப வருஷம் வச்சிருக்கணும்னு நெனைக்கறவங்க எல்லாருக்கும் இதைத்தான் சொல்றேன்.

கியர்பாக்ஸ் ஆயில் கதை இதைவிட மோசம். பல லக்சுரி வண்டில வர்றது இசட்எஃப் கம்பெனியோட 8 ஸ்பீடு ஆட்டோமேட்டிக். வண்டி கம்பெனியைக் கேட்டா "லைஃப்டைம் ஃபில், மாத்தவே வேண்டாம்"ங்கறாங்க. அந்த கியர்பாக்ஸை செஞ்ச இசட்எஃப்பே, ஓட்டற விதத்தைப் பொறுத்து 80,000லேர்ந்து 120,000 கிலோமீட்டருக்குள்ள மாத்துங்கன்னு சொல்லுது, அதாவது 50,000லேர்ந்து 75,000 மைல். செஞ்சவங்க மாத்துன்னு சொல்றாங்க, வித்தவங்க வேண்டாம்ங்கறாங்க, யார் பேச்சைக் கேக்கணும்னு எனக்கு சந்தேகமே இல்ல. மெயின்டெனன்ஸ் செலவு கம்மின்னு பிரோஷர்ல போட ஆசைப்பட்டுத்தான் இந்த "லைஃப்டைம்" வந்துச்சுன்னு நான் நெனைக்கறேன், அதோட பலனை அனுபவிக்கறது ரெண்டாவது மூணாவது ஓனர், ஒரு நாள் கியர் மாறும்போது இடிக்க ஆரம்பிச்சு ஆயிரக்கணக்குல எஸ்டிமேட் வரும்போது கம்பெனி பக்கத்துலயே இருக்காது.

அமெரிக்க ரோட்ல ஓடற வண்டிங்களோட சராசரி வயசு இப்ப 12 வருஷத்தைத் தாண்டிடுச்சு. ஒரு வண்டியோட ஆயுசுல முதல் மூணு வருஷம் ஒரு சின்னப் பங்குதான். மிச்சத்தை யாரோ ஒருத்தர் சர்டிஃபைடு வண்டின்னும் யூஸ்டு வண்டின்னும் வாங்கி ஓட்டறாங்க, நம்ம ஆளுங்கள்லயே எத்தனை பேர் ஹெச்1பில வந்த புதுசுல லீஸ் முடிஞ்சு வந்த லக்சுரி வண்டிதான் வாங்கறாங்க. பிஎம்டபிள்யூ பிளான் இப்ப ரெண்டாவது ஓனருக்கு மாறாது, ரெண்டு வருஷத்துல வித்தா மிச்சம் இருக்கற ஒரு வருஷம் அப்படியே போச்சு. இது எனக்குப் புரியவே இல்ல. சர்வீஸ் வண்டிக்குத்தான, ஆளுக்கா பண்றாங்க? வாரண்டி 4 வருஷம் 50,000 மைல் வண்டியோட போகுது, மெயின்டெனன்ஸும் அதே மாதிரி வண்டியோட போனா என்ன?

அந்த ஒரு வருஷ இடைவெளியும் சரியில்ல. 36 மாசத்துல மெயின்டெனன்ஸ் முடியுது, 48 மாசத்துல வாரண்டி முடியுது. அந்த நாலாவது வருஷம் ஆயில் நம்ம காசுல, ஆனா எஞ்சின்ல ஏதாவது ஆச்சுன்னா "சரியா மெயின்டெயின் பண்ணீங்களா"ன்னு கேள்வி வரும். இங்க ஒரு சட்டம் தெரிஞ்சு வச்சுக்கோங்க, 1975ல வந்த மேக்னுசன் மாஸ் வாரண்டி ஆக்ட். வாரண்டிக்காக டீலர்ட்டதான் சர்வீஸ் பண்ணணும், எங்க பார்ட்ஸ்தான் போடணும்னு கம்பெனி கட்டாயப்படுத்த முடியாது, அந்த சர்வீஸை ஃப்ரீயா குடுத்தா ஒழிய. நீங்க வெளிய பண்ணா பில்லு பத்திரமா இருந்தா போதும். ஆயில் கிரேடு, தேதி, மைலேஜ் மூணும் தெளிவா போட்ட பில்லு. மேல இன்வாய்ஸ் பாத்து வாங்குங்கன்னு சொன்னது இதுக்குத்தான், நாளைக்கு விக்கும்போதும் அந்த ஃபைல் இருக்கற வண்டிக்கு மதிப்பே தனி.

ஆபீஸ்ல மதுரைப் பையன் ஒருத்தன், "அண்ணா, ஃப்ரீ மெயின்டெனன்ஸ் இருக்குல்ல, லீஸ் எடுக்கட்டுமா, வாங்கிடட்டுமா?"ன்னு கேட்டான். லீஸ் 36 மாசம்னா பிளானும் 36 மாசம், அளவெடுத்துத் தெச்ச சட்டை மாதிரி பொருந்தும், டயரையும் பள்ளத்தையும் தவிர ஒரு செலவு இருக்காது தம்பி, அப்படியே எடுத்துக்கோன்னேன். வாங்கறதா இருந்தா நாலாவது வருஷத்துலேர்ந்து வருஷத்துக்கு ஆயிரம் ஆயிரத்தைநூறு டாலர் ஒதுக்கி வை, அது முடியலன்னா லெக்ஸஸ் பக்கம் போ, அவங்க ரெண்டே சர்வீஸ் ஃப்ரீயா குடுத்தாலும் அந்த வண்டி பத்து வருஷத்துல உன்னை இழுத்தடிக்காதுன்னும் சொன்னேன். ஃப்ரீ சர்வீஸை வச்சு வண்டியைத் தேர்ந்தெடுக்கறது சரி இல்ல, தேர்ந்தெடுத்த வண்டில ஃப்ரீ சர்வீஸ் எவ்ளோ தூரம் இருக்குன்னு பாக்கறதுதான் சரி.

எலெக்ட்ரிக் வண்டிக்கு இதெல்லாம் ரொம்பக் கம்மி, பிரேக் ஃப்ளூயிட், கேபின் ஃபில்டர், டயர் ரொட்டேஷன், அவ்ளோதான் பெரிய வேலை. டெஸ்லா 2019லயே வருஷாந்திர சர்வீஸ்ங்கறதையே எடுத்துட்டாங்க. செலவே கம்மியா இருக்கற வண்டிக்கு இதைச் சேத்துக் குடுக்க லக்சுரி கம்பெனிங்களுக்கு என்ன தயக்கம்னு கேக்கத்தான் தோணுது.

எதிர் பக்க நியாயமும் இருக்கு, அதையும் சொல்றேன். வருஷத்துக்கு 4,000 மைல் ஓட்டற ரிடையர்டு ஆளு, டீலர் எண்பது மைல் தள்ளி இருக்கற ஊர்ல இருக்கறவங்க, தானே கராஜ்ல ஆயில் மாத்தறவங்க, இவங்களுக்கு இந்தப் பிளானால முழுப் பிரயோஜனம் இல்ல. அவங்களுக்கு வேண்டாம்னா விலைல கழிச்சுக் குடுக்கற வசதி வச்சா நான் முழு மனசோட வரவேற்பேன். அப்படி ஒரு கம்பெனி பண்ணி நான் பாக்கல. முன்கூட்டி காசு கட்டி வாங்கற பிளானைப் பத்தி கேக்கறவங்களுக்கு ஒண்ணு, அதை ஃபைனான்ஸ் ரூம்ல கையெழுத்துப் போடற அவசரத்துல லோன்ல சேத்துடாதீங்க, ஆறு வருஷத்துக்கு வட்டி கட்டுவீங்க, அதோட அதுல விலை பேசலாம், நாலு டீலருக்கு ஈமெயில் போட்டா நாலு ரேட் வரும்.

என்னைக் கேட்டா எப்படி இருக்கணும்னா, வாரண்டி எத்தனை வருஷமோ மெயின்டெனன்ஸும் அத்தனை வருஷம், ஒரு செட் பிரேக் பேடு உள்ள, ஆயில் வருஷத்துக்கு ஒரு தடவை இல்லன்னா 7,500 மைலுக்கு ஒரு தடவை, பிளான் வண்டியோட அடுத்த ஓனருக்குப் போகணும், கியர்பாக்ஸ் ஆயிலை எப்ப மாத்தணும்னு மேனுவல்ல நேர்மையா எழுதணும். இதைக் குடுக்கற கம்பெனிக்கு ஆயிரம் டாலர் கூடக் குடுக்க நான் தயார். இப்ப இருக்கற பிளானுக்கு அஞ்சுக்கு மூணு ஸ்டார்தான் போடுவேன், அந்த மூணும் ஆயில், லோனர் கார், அந்த 0.00 இன்வாய்ஸுக்காக.

இப்ப பிளான்ல இருக்கறவங்க கடைசி சர்வீஸை மட்டும் விட்டுடாதீங்க. மூணாவது வருஷ சர்வீஸ் சரியா 36 மாசத்துல டியூ ஆகும், பிளானும் அன்னிக்கே முடியும், ஸ்க்ரீன்ல லைட் வரட்டும்னு காத்துட்டு இருந்தா அப்பாயின்ட்மென்ட் கிடைக்கறதுக்குள்ள தேதி தாண்டிடும். 34ஆவது மாசமே போன் பண்ணி, சீக்கிரம் பண்ணா பிளான்ல ஏத்துப்பாங்களான்னு கேளுங்க. பிரேக் ஃப்ளூயிட்டும் அதே விசிட்ல சேருமா, கேபின் ஃபில்டர் சேருமான்னு ஈமெயில்ல வாங்கிட்டு அப்புறம் வண்டியைக் கொண்டு போங்க.